புல்தைலமா, லாவெண்டரா, வெறும் நல்லெண்ணெயா?

என் தங்கைக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, கேரள எல்லையிலிருக்கும் குமுளியில் அவள் வீட்டு அலமாரியில் ஆறு புட்டிகள் சேர்ந்துவிட்டன. சின்னமனூரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய செக்கு நல்லெண்ணெய் ஒன்று. பக்கத்து வீட்டுச் சேச்சி கொண்டுவந்து வைத்த தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேத எண்ணெய் ஒன்று. தேக்கடி ரோட்டில் சுற்றுலா வருபவர்களை நம்பி நடக்கும் ஒரு கடையில் அவள் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய லாவெண்டர், யூகலிப்டஸ், புல்தைலம் என்று மூன்று சின்னக் குப்பிகள். ஆறாவது என்னுடையது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் தலைவலித் தைலத்தை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"எதைத் தேய்க்கணும், எதை மோந்து பாக்கணும், எதைத் தொடவே கூடாதுன்னு ஒழுங்கா சொல்லுக்கா. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள்.

நான் கம்பத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களும் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டு ஆள் கேட்டபோதுதான் ஆறு புட்டியையும் வரிசையாக வைத்து ஒழுங்காக யோசித்தேன்.

பாதிக் குழப்பம் பெயரில் இருக்கிறது. நமக்கு எல்லாமே தைலம். ‘திலம்’ என்றால் எள். அதிலிருந்து பிறந்த ‘தைலம்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் எள்ளெண்ணெய். ஆனால் யூகலிப்டஸ் தைலத்தில் எள்ளும் கிடையாது, எண்ணெய்ப் பசையும் கிடையாது. அது இலையை ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்த சாரம். துணியில் ஒரு சொட்டு விட்டால் சற்று நேரத்தில் காற்றோடு போய்விடும். எசென்ஷியல் ஆயில் என்று கடைகளில் விற்பது இதுதான். 1930-களில் ரெனே மோரிஸ் காட்ஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ‘அரோமாதெரபி’ என்று பெயர் சூட்டியதும் இந்தச் சாரங்களை வைத்துச் செய்யும் வைத்தியத்துக்குத்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் கொழுப்பு. குழம்பு என்பது அந்தக் கொழுப்பில் மூலிகை போட்டுக் காய்ச்சியது. தலைவலித் தைலமோ மெழுகுப் பதத்தில் சாரங்களைத் திணித்துவைத்த டப்பா. நாலும் நாலு ஜாதி. ஒன்றுக்குச் சொல்லும் அளவும் எச்சரிக்கையும் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

சாரம் எவ்வளவு அடர்த்தி என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துப் புல்தைலத்தைப் பார்த்தால் போதும். இடுக்கி மலைச்சரிவில் எலுமிச்சைப் புல்லை அறுத்து, பெரிய கலனில் அடைத்து, அடியில் தீ மூட்டி வடிக்கிறார்கள். 100 கிலோ பச்சைப் புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் தேறினாலே பெரிய விஷயம். உலகச் சந்தையில் இதற்குக் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர் இருந்தது, கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியதால். அதில் பெரும்பங்கு சிட்ரால் என்ற பொருள். வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகத் தயாரிக்க அதைத்தான் வாங்கிப் போனார்கள். அப்படிப்பட்ட சரக்கு மலைவீடுகளில் தரை துடைக்கவும், கொசுவுக்கும், மூட்டுவலிக்கும் சாதாரணமாகப் புழங்குகிறது. பழகிய பொருள் என்பதால் லேசான பொருள் என்று நினைத்துவிடுகிறோம். நீர்க்காமல் தோலில் போட்டால் எரியும், சிலருக்குத் தடித்துப்போகும். கர்ப்ப காலத்தில் தோலும் மூக்கும் இரண்டு மடங்கு ரோஷத்தோடு இருக்கும். அந்தக் குப்பியை உடம்புக்கு வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கினேன். தரைக்கு நல்லது.

சரி, மிச்சம் ஐந்து. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. என்ன தொந்தரவு, எத்தனையாவது மாதம், மூக்கு வழியாகவா தோல் வழியாகவா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மசக்கையிலிருந்து தொடங்கலாம். முதல் மூன்று மாதம் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால் சாரங்களைத் தோலில் தேய்ப்பதே வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. மசக்கை படுத்துவதும் அதே மூன்று மாதத்தில்தான். ஆக அப்போது மிஞ்சுவது வாசனை மட்டும். எலுமிச்சை வாசனைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஈரானில் 100 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், எலுமிச்சை எண்ணெயை மோந்தவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் மற்றவர்களைவிடக் குறைந்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. புதினா எண்ணெயை மோந்து பார்க்கச் சொன்ன ஆய்வுகளில் முடிவு இப்படியும் அப்படியுமாக இருக்கிறது. வாசனையைவிடச் சாப்பிடும் இஞ்சிக்குத்தான் ஆதாரம் கூடுதல். சமையல் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடிப்பதைச் சொல்கிறேன். இஞ்சி எண்ணெய்ச் சொட்டைத் தண்ணீரில் விட்டுக் குடிப்பதை அல்ல. எந்தச் சாரத்தையும் வாய்வழியாக எடுக்கக் கூடாது, ஒரு சொட்டுகூட.

எலுமிச்சை எண்ணெய்க் குப்பி, எலுமிச்சம்பழம், இரண்டில் எது? பழம்தான். நகத்தால் தோலைக் கீறி மோந்தால் வருவது குப்பியில் இருக்கும் அதே எண்ணெய். தோலில் உள்ள சின்னச் சின்னப் பைகள் உடைந்து தெறிப்பது. அளவு கூடிப்போகாது, கலப்படம் இருக்காது, வாசனை பிடிக்கவில்லை என்றால் சாதத்தில் பிழிந்துகொள்ளலாம். என் தங்கைக்கு எலுமிச்சையைவிட நாரத்தை இலை ஒத்துவந்தது. இலையைக் கசக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கம்பத்துக்கும் குமுளிக்கும் பஸ்ஸில் போய்வந்தாள். லோயர் கேம்ப் தாண்டி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மசக்கைக்காரி வாந்தி எடுக்காமல் ஏறினாள் என்றால் அதுவே ஒரு ஆய்வு முடிவுதான்.

இதில் ஊர் சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் கம்பம், கூடலூர்ப் பெண்களில் பலர், மசக்கைக் காலத்தில் ஏலக்காய் வாசனை என்றாலே குமட்டுகிறது என்பார்கள். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து மோக்கும் வாசனை அது. நாள் முழுக்க அதிலேயே நிற்பவளுக்கு அது ஆறுதல் இல்லை, வேலை. எந்த வாசனை ‘அமைதி தரும்’ என்று புட்டி மேல் அச்சடித்திருக்கிறதோ அதைவிட, அவள் மூக்குக்கு எது பிடிக்கிறது என்பதே பெரிய அளவுகோல். கர்ப்பத்தில் அது மாதத்துக்கு மாதம் மாறவும் செய்யும். அதனால் எந்த வாசனையிலும் பெரிய புட்டி வாங்காதீர்கள்.

அடுத்தது தூக்கம். ஆறாம் மாதத்துக்குப் பிறகு வயிறு இடிக்கும், இரவில் நாலு தடவை எழுந்து போக வேண்டும், மனமும் சும்மா இருக்காது. லாவெண்டர் குப்பி போட்டிக்கு வருவது இங்கேதான். நான் படித்ததில் கர்ப்பிணிகள் விஷயத்தில் அதிகம் பழக்கப்பட்ட சாரங்களில் இது ஒன்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை பிரசவ வலியின்போது வாசனை எண்ணெய்கள் பயன்படுத்திய 8,058 தாய்மார்களின் விவரங்களைத் தொகுத்தார்கள். லாவெண்டரும் அதில் உண்டு. பாதிப் பேருக்கு மேல் உதவியாக இருந்தது என்றார்கள். சின்னச் சின்னத் தொந்தரவு சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் வலி குறைகிறதா என்று கறாராகப் பார்த்த 2011 காக்ரேன் தொகுப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துவைத்து அலசும் அமைப்பு அது), தகுதியான ஆய்வுகள் இரண்டே இரண்டு, மொத்தம் 535 பெண்கள், முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்று நிறுத்திக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: பெரும்பாலும் கெடுதல் இல்லை, மனசுக்கு இதமாக இருக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எப்படிப் பயன்படுத்துவது? டிஃப்யூசர் என்ற, வாசனையைக் காற்றில் பரப்பும் மின்சாரப் பானை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் காலையில் தலைவலியோடு எழுந்து என் கடைக்கு மாத்திரை கேட்டு வருகிறார்கள். குமுளிக் குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். டிஃப்யூசர் வைத்தே ஆக வேண்டும் என்றால் படுக்கப் போகும் முன் அரை மணி நேரம், இரண்டு மூன்று சொட்டு, காற்று போக வர வழி. அப்புறம் நிறுத்திவிட வேண்டும். அதைவிடச் சுலபம், ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டுத் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி வைப்பது. பிடிக்கவில்லையா, பஞ்சைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். டிஃப்யூசர் பரப்பிய வாசனையை அப்படி எடுத்துப் போட முடியாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் வாசனைதானே என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. வாசனை சரி, புகை சரியில்லை. சாத்திய அறையில் தலைக்குப் புகை காட்டுவதைப் பிரசவம் முடியும்வரை விட்டுவிடலாம், முடிந்த பிறகும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். சாமி அறையில் ஒரு பத்தி ஏற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி இடுப்புவலி, கால்வலி. என் மனதில் இதுதான் முக்கியமான பகுதி, ஏனென்றால் இங்கேதான் எண்ணெய் உடம்பில் ஏறுகிறது, இங்கேதான் தப்பும் நடக்கிறது. போட்டியில் நாலு பேர்: என் தலைவலித் தைலம், நீர்த்த லாவெண்டர், சேச்சியின் குழம்பு, மாமியாரின் நல்லெண்ணெய்.

என்னுடையதை நானே வெட்டிவிடுகிறேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட், யூகலிப்டஸ் எண்ணெய். ஏறக்குறைய எல்லாத் தைலத்திலும் இதே கூட்டணி. மெத்தில் சாலிசிலேட் என்பது ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பதில் ஏறக்குறைய முழுக்க அதுதான். அதில் ஒரு டீஸ்பூன், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கு மேல். தோலில் போட்டால் அவ்வளவும் உள்ளே போகாது என்பது உண்மை. ஆனால் ஒரு பகுதி போகும். இடுப்பு முழுக்கப் பூசி வெந்நீர்ப் பையும் வைத்தால் கூடவே போகும். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளைக் கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் எச்சரித்தது; பனிக்குட நீர் குறையலாம் என்பது காரணம். (மருத்துவரே சிறிய அளவில் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, அதை நிறுத்தாதீர்கள்.) கற்பூரமோ நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போகக் கூடியது, வயிற்றுக்குள் போனால் வலிப்பை உண்டாக்கும் பொருள். தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் ஒரு தடவை துளி தொட்டதற்காக யாரும் பயந்துவிட வேண்டாம். தினமும் இடுப்புக்கும் காலுக்கும் அள்ளிப் பூசும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். வலி ஜெல் டியூப்களையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நீர்த்த லாவெண்டர், நாலாம் மாதத்துக்குப் பிறகு, பரவாயில்லை. அளவு எளிது. ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு. 5 மில்லிக்கு ஒரு சொட்டு என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு; கர்ப்பிணிகளுக்கு அதற்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால், அரித்தால் அதோடு முடிந்தது. எலுமிச்சை எண்ணெயை இப்படிக் கலந்து தேய்த்தால் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது, தோல் கருத்துப் புண்ணாகும். இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது நேர்மையாக ஒரு கேள்வி. அந்த ஒரு சொட்டு போட்டதால் வலி குறைந்ததா, கால் மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டதால் குறைந்ததா? தங்கையிடம் மூன்று நாள் சொட்டுப் போட்டும் மூன்று நாள் போடாமலும் தேய்த்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை என்றாள். தேய்க்காத நாள்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதனால் நல்லெண்ணெய் ஜெயித்தது. இளஞ்சூடாக, உள்ளங்கையில் எடுத்து, இடுப்பிலும் கெண்டைக்காலிலும் பாதத்திலும். தேங்காயெண்ணெயும் சரிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயைத்தான் கொண்டாடுவார்கள், இந்தப் பக்கம் எள். குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும் என்பதைத் தவிர எனக்கு இதில் கட்சி இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டாம். மாதம் ஏற ஏற அப்படிப் படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும். இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலுக்கு இடையில் தலையணை. வயிற்றில் அழுத்தவே கூடாது. ‘பிள்ளையைத் திருப்பி விடுறேன்’ என்று வரும் அனுபவசாலிகளை வாசலோடு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம், எண்ணெய் தேய்த்த பாதத்தோடு ஈரக் குளியலறையில் கால் வைப்பதுதான் இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆபத்திலும் பெரியது. எந்த எண்ணெயாக இருந்தாலும் உள்ளங்காலைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

குழம்புக் கதை தனி. "சேச்சி குழம்பு வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று தங்கை போனில் சொன்னபோது, புளியா கூட்டா என்று நான் கேட்டேன். மலையாளத்தில் குழம்பு என்றால் உடம்பில் தேய்ப்பது. நல்லெண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும் நெய்யும் சேர்த்து மூலிகையோடு காய்ச்சுவதால் தைலத்தைவிடக் கெட்டியாக இருக்கும். தன்வந்தரத்துக்கு முதல் சரக்கு குறுந்தொட்டி என்ற மூலிகையின் வேர். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலின் வழியில் வரும் வைத்தியம், கேரளத்தில் பிரசவித்த பெண்ணின் குளியல் இது இல்லாமல் நடக்காது. கவனியுங்கள், பிரசவித்த பெண்ணுக்கு. கடைசி மாதங்களில் தேய்க்கச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. அப்படியென்றால் அவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் பிரசவ மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல மூலிகை சேர்ந்த ஒரு மருந்தை வெறும் நல்லெண்ணெய் செய்யும் வேலைக்கு எடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. சேச்சியிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இப்போழா? ஐயோ, இது பிரசவம் கழிஞ்ஞிட்டு" என்றார், பிரசவம் முடிந்த பிறகுதான் என்று. முன்கூட்டியே வாங்கி வைத்தாராம், அவ்வளவுதான். தங்கை பாதிப் புட்டியைக் காலி செய்வதற்குள் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. அறுவைசிகிச்சைப் பிரசவம் என்றால் தையல் ஆறும்வரை அந்தப் பக்கம் எந்த எண்ணெயும் போகக் கூடாது என்பதையும் சேச்சியிடம் சொல்லிவைத்தேன். அவர் காலத்தில் அது குறைவு.

ஆமணக்கெண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. ‘வலி சீக்கிரம் வரும்’ என்று ஒன்பதாம் மாதம் விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது. வேண்டாம். வயிற்றுப்போக்கு வரும், நீரிழப்பும் ஆகலாம்.

மீதி யூகலிப்டஸ். மூணாறு பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகாக நட்ட மரம் இன்று எல்லா வீட்டிலும் சளி மருந்து. கர்ப்பத்தில் சளியே இல்லாமல் மூக்கு அடைத்துக்கொள்வது சகஜம், ஹார்மோன் செய்யும் வேலை. வெறும் வெந்நீர் ஆவியே போதுமான அளவு திறந்துவிடும். போதவில்லை என்றால் கைக்குட்டையில் ஒரு சொட்டு, எப்போதாவது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையை மூடிக்கொண்டு குனிவது பெரிய வயிற்றோடு செய்யும் வித்தை இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி மூன்றையும் மோக்கவும் வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு இதையோ மெந்தால் தைலத்தையோ அதன் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது, பிஞ்சுக்கு மூச்சு அடைத்துவிடும்.

வயிற்றுக் கோடு மறைய எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: தடவும் எதுவும் கோட்டைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை என்று 2012 காக்ரேன் ஆய்வு சொல்லிவிட்டது. தோல் இழுபடும் அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் இதம். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் எண்ணெயைத் தேடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரலில் பித்தம் தேங்குவதாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். கணுக்கால் வீக்கம் மாலையில் வந்து காலையில் வடிந்தால் காலைத் தூக்கி வைத்துத் தடவலாம். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலை இடித்து, கண்ணில் பூச்சி பறந்தால் அது ரத்த அழுத்தம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டு. இரண்டிலும் கை வைத்துத் தேய்ப்பது நேரத்தை வீணாக்குவது மட்டுமில்லை, பின்னதில் ஆபத்தே.

கடையில் வாங்கும்போது அறவே தள்ள வேண்டியவை: விண்டர்கிரீன், கற்பூர எண்ணெய், ஓம எண்ணெய், இலவங்கப்பட்டை, கிராம்பு, சோம்பு, துளசி, மாசிபத்திரி, அருவதா, சேஜ், பென்னிராயல். இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ரசத்தில் ஓமம் போடலாமா, பிரியாணியில் பட்டை போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. சமையலில் சிட்டிகை, குப்பியில் கூடைக்கணக்கு, வித்தியாசம் அங்கேதான்.

அந்தத் தேக்கடி ரோட்டுக் கடைக்கு நானும் போய்ப் பார்த்தேன். லாவெண்டர் எங்கே விளைகிறது என்று கேட்டால், மூணாறில் என்றார் பையன். போனில் படமும் காட்டினார், மார்ச் மாதம் ரோட்டோரம் ஊதாவாகப் பூத்து நிற்கும் நீலவாகை மரங்கள்! மரமாக வளரும் லாவெண்டரை நான் அன்றுதான் பார்த்தேன். வாசனைக் கலவையை எசென்ஷியல் ஆயில் என்று விற்பது எங்கும் நடக்கிறது. புட்டி அடர்நிறக் கண்ணாடியாக இருக்கிறதா, தாவரத்தின் லத்தீன் பெயர் அச்சிட்டிருக்கிறதா, தொகுதி எண்ணும் தேதியும் உண்டா என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்தால், லாவெண்டர், யூகலிப்டஸ் மாதிரி லேசான சாரங்கள் கறை விடாமல் போய்விடும். எண்ணெய் வட்டம் நின்றால் வேறு எதையோ சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சோதனையில் தேறியதால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது, மணமூட்டும் ரசாயனமும் ஆவியாகும். எங்கள் லாவெண்டர் குப்பி கறை விட்டது. அதோடு அதன் கதையும் முடிந்தது. பஞ்சுக்கு வேறு குப்பி, லேபிள் ஒழுங்காக இருந்ததாகப் பார்த்து, மிகச் சின்னதாக வாங்கினோம்.

இடையில் மல்லிகையைப் பற்றி மாமியார் கேட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். வளைகாப்புக்குத் தலை நிறையப் பூ வைக்கலாமா என்று. வைக்கலாம், தலை வலிக்காத அளவுக்கு. பிரசவத்துக்குப் பிறகு மார்பில் மல்லிகை கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிகள் சொல்வது வெறும் கதையில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அதை மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-ல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள், பூவும் பால் சுரப்பைக் குறைத்தது. அதனால் தலையில் சரி, மார்பில் வேண்டாம்.

இப்போது அந்த அலமாரியில் முன்வரிசையில் நிற்பது நல்லெண்ணெய். பக்கத்தில் சின்ன லாவெண்டர், மேலே தங்கையின் கையெழுத்தில் ‘பஞ்சுக்கு மட்டும்’. யூகலிப்டஸ் உயரத் தட்டுக்குப் போய்விட்டது, புல்தைலம் துடைப்பத்தோடு பின்கட்டில். தலைவலித் தைலம் மறுபடி என் கைப்பையில். குழம்பைத் துணியில் சுற்றி, பிரசவத்துக்கு எடுத்துவைத்த பழைய வேட்டித் துணிகளோடு பெட்டியில் போட்டாயிற்று. சேச்சி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.